எதிரே போட்ட நாற்காலி

போன வாரம் செந்தில் போன் பண்ணினான். என்னோடு ஒரே ஷெட்டில் வேலை பார்த்தவன். இப்போது ஆனையூரில் தனியாக ஆட்டோ எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறான்.

"அண்ணே, ஒரு ஜீப்புக்காரரு வந்திருக்காரு. எம்புட்டு லைட்டு மாட்டுனாலும் பத்தலங்குறாரு. பம்பர்ல ஒரு பட்டை, கூரை மேல ஒரு பட்டை, எல்லாம் எல்.இ.டி. இன்னும் வேணுமாம். என்னண்ணே பண்றது?"

"எதைப் பாக்கணுமாம்னு கேட்டியாடா?"

"ரோட்டைத்தாண்ணே பாப்பாரு. வேற எதைப் பாப்பாரு?"

"மொதல்ல கேளுடா" என்று போனை வைத்துவிட்டேன். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் அதட்டுகிறேன் என்று அவனுக்குக் கடுப்பாக இருந்திருக்கும். இருக்கட்டும். அந்தக் கேள்வியை ஏன் கேட்கச் சொன்னேன் என்பதைப் போனில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் தொழில் படித்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. படிப்பு ஏறவில்லை, வயரைப் பிடித்தேன். ஹார்ன், வைப்பர் மோட்டார், டைனமோ, நடுவில் கொஞ்சம் ஷாக், நிறைய வசவு. கடைசியில் திண்டுக்கல் ரோட்டுப் பக்கம் சுல்தான் பாயின் ஷெட்டில் சேர்ந்தேன். கை நடுங்க ஆரம்பிக்கும் வரை அங்கேயேதான் இருந்தேன்.

சுல்தான் பாய் ஒரு நாள் வாடிப்பட்டியில் வண்டி ஒன்றைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்பி வந்துகொண்டிருந்தார். எதிரே வந்தவன் பிரைட்டைக் குறைக்கவில்லை. பாய்க்குக் கண் இருண்டுவிட்டது. ரோட்டோரம் நின்ற டிராக்டர் டிரெய்லரில் போய் மோதி, அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. எதிரே வந்தவன் நிற்காமலே போய்விட்டான். வண்டி எது, ஆள் யார் என்று கடைசி வரை தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஷெட்டை நடத்தியது அவர் மனைவி ஜொகரா. எங்கள் முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்போம். செந்தில், பெயின்டர் ஆரோக்கியம், வர்ற கஸ்டமர் எல்லோருக்குமே அவர் லாத்தாதான். புருஷன் இறந்தால் வீட்டோடு இருக்கிற இத்தா முடிந்து வந்து கல்லாவில் உட்கார்ந்தபோது, 'பொம்பள என்னத்த ஷெட் நடத்தும்' என்று பேசியவர்கள் உண்டு. ஒரு மாதத்தில் பேச்சு நின்றுவிட்டது. லாத்தா சத்தம் போட்டுப் பேச மாட்டார். வேலை பிடிக்கவில்லை என்றால் பக்கத்தில் வந்து நிற்பார். நின்றுகொண்டே இருப்பார். திட்டி விட்டாலாவது நிம்மதியாக இருக்குமே என்று நமக்கே தோன்றிவிடும்.

அவர் கொண்டுவந்த வழக்கம்தான் அந்த நாற்காலி. ஹெட்லைட் வேலை பார்த்த எந்த வண்டியும் லாத்தா பார்க்காமல் வெளியே போகக் கூடாது. மற்ற கடைகளில் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்து ஸ்க்ரூவைத் திருகுவார்கள். நாங்களும் அதைச் செய்வோம். அதற்கு மேல் லாத்தாவின் பரீட்சை ஒன்று இருந்தது. பொழுது சாய்ந்ததும் மக்ரிப் தொழுதுவிட்டு வருவார். ஷெட்டின் பின்பக்கம் நீளமான காலி மனை. அதன் கோடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அதில் உட்காருவார். எதிரே ஸ்கூட்டரில் வருகிற ஆளின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரம். நாங்கள் வண்டியை இந்தக் கோடியில் நிறுத்தி டிம் போட வேண்டும், பிரைட் போட வேண்டும், மறுபடி டிம். கூசினால் கையைத் தூக்குவார். நான் போய் ஒரு சுற்று திருகுவேன்.

"எதிர்ல வர்றவன் கண்ணுக்கு நான் ஜாமீன் குடுக்குறேன் காதரு. சும்மா குடுக்க முடியுமா?" என்பார்.

ஒரு கல்யாண மண்டப முதலாளி புது ஜீப் ஒன்றில் எங்கோ வாங்கிய விளக்குகளை மாட்டிக்கொண்டு வந்தார். வயரிங் மட்டும் சரி பண்ணினால் போதும், நாற்காலி எல்லாம் வேண்டாம் என்று சட்டம் பேசினார். லாத்தா நாற்காலியைக் காட்டினார். "அப்ப நீங்க உக்காருங்க" என்றார். அவரும் வீம்புக்குப் போய் உட்கார்ந்தார். செந்தில் பிரைட்டைப் போட்டதும், "யாத்தே!" என்று இரண்டு கையாலும் மூஞ்சியைப் பொத்திக்கொண்டு நாற்காலியோடு சாய்ந்தார்.

"இதுக்கே இப்படின்னா, பச்சப்புள்ளய முன்னாடி உக்கார வச்சுக்கிட்டு மொபெட்டுல வர்றவன் என்ன பண்ணுவான்?" என்றார் லாத்தா.  மனுஷன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் போனார்.

இதைச் சொல்லி நாங்கள் பல நாள் சிரித்திருக்கிறோம். ஆனால் அந்த நாற்காலியில் இன்னொன்றும் உண்டு. அதைப் பற்றி ஷெட்டில் யாரும் பேச மாட்டோம். விளக்கை அணைத்த பிறகும் லாத்தா உடனே எழுந்திருக்க மாட்டார். நாங்கள் டூல்ஸை எடுத்து வைத்து, ஷட்டரைப் பாதி இறக்கி, கை கழுவி முடிக்கிற வரைக்கும் அந்த இருட்டில் அப்படியே உட்கார்ந்திருப்பார். எங்களில் ஒருத்தன்கூட அந்தப் பக்கம் போய்க் கூப்பிட மாட்டான். எனக்குப் பயம்தான். சொல்வதற்கு என்ன வெட்கம்.

எழுமலையிலிருந்து தவசி வந்தது அந்தச் சமயத்தில்தான். மல்லிகைத் தோட்டக்காரர். பழைய நாலு சக்கர இழுவை ஜீப் ஒன்று வைத்திருந்தார். விடியும் முன்னே தோட்டத்தில் பூவை எடுத்து, கண்மாய்க்கரை வழியாக ரோடு ஏறி, மதுரை மார்க்கெட்டில் போட வேண்டும். வண்டி யானை மாதிரி இழுக்கும். விளக்கு மட்டும் செத்த விளக்கு. டிம், பிரைட் இரண்டுக்கும் ஒரே மஞ்சள்.

"எம்புட்டு வெளிச்சம் போட முடியுமோ அம்புட்டும் போடுங்க பாய்" என்றார்.

"ரோடு நல்லா தெரியிற மாதிரி போட்டுத் தாரேன். அதுக்கு மேல எதுக்கு?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் தூங்காத கண். "கண்மாய்க்கரை வளைவுல ஒருத்தன் நிக்கிறான் பாய். தினமும் நிக்கிறான். கிட்டப் போனா இல்ல. எனக்கு அவன் மூஞ்சி தெரியணும்" என்றார்.

 நான் கடைக்காரன் பேச்சைத்தான் பேசினேன். "லைட்டு கோணையா இருந்தா வேலிக் கருவேலங்கூட ஆளு மாதிரிதான் தெரியும். சரி பண்ணிருவோம், விடுங்க."

தவசியின் தம்பியைப் பற்றி எங்களுக்கு முன்பே தெரியும். பூ மார்க்கெட் வண்டிகள் நிறைய எங்களிடம்தான் வரும். தம்பி பேர் முத்தையா. வளர்ந்த ஆள், புத்தி மட்டும் பிள்ளை மாதிரி. ராத்திரியில் எழுந்து தன் பாட்டுக்கு நடந்து போய்விடுவான், பொழுது விடிந்தால் திரும்பி வந்துவிடுவான். ஒரு நாள் வரவில்லை. போலீஸில் சொன்னார்கள், உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு முழுக்கப் போட்டோ ஒட்டினார்கள், கோயில் கோயிலாகத் தேடினார்கள். ஒரு துப்பும் இல்லை. அவன் அம்மா இன்னமும் அவனுக்குச் சோறு எடுத்து மூடி வைக்கிறார் என்று டிரைவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

விளக்கை மாற்றுவதற்கு முன் பழைய விளக்கையும் ஒரு தரம் நாற்காலியிலிருந்து பார்ப்பது லாத்தாவின் முறை. நோய் தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பார். அன்றைக்கும் மக்ரிப் முடிந்து வந்து உட்கார்ந்தார். தவசி டிரைவர் சீட்டில். நான் பம்பர் அருகில் நின்றேன். விளக்கைப் போட்டதும் மஞ்சளாக ஏதோ கசிந்து மனையின் பாதி வரைக்கும் போனது. இடது விளக்கு நேராகவே இல்லை, வலது பக்கமாகத் திரும்பியிருந்தது. இரண்டு வெளிச்சமும் ஒன்றையொன்று வெட்டி நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கலங்கலாக விழுந்தன. லாத்தாவின் முக்காடு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"பாய்" என்றார் தவசி.  "லாத்தாவுக்குப் பக்கத்துல நிக்கிறது யாரு?"

நான் பார்த்தேன். யாரும் இல்லை.

"அவந்தான் பாய். வளைவுல நிக்கிறவன். என் தம்பி."

அவர் போட்ட சத்தத்தில் அது லாத்தாவின் காதிலும் விழுந்துவிட்டது. நானாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். லாத்தா பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியை மெதுவாக நகர்த்திப் போட்டுக்கொண்டார், பஸ்ஸில் பக்கத்தில் வருகிற ஆளுக்கு இடம் விடுகிற மாதிரி. அதைப் பார்த்ததும் தவசி ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழ ஆரம்பித்தார்.

அழுகையோடு எல்லாம் வந்துவிட்டது. முத்தையா காணாமல் போன அன்றைக்கு, விடியும் முன்னே, பூ மூட்டையோடு வருகையில் அந்த வளைவில் வண்டி எதிலோ மோதியது. இறங்கிப் பார்த்தார். அந்த விளக்கில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கருவேலத்துக்குள் ஏதோ சரசரவென்று போனது. தரையில் கொஞ்சம் ரத்தம். பூ வாடிவிடும், மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். வீடு திரும்பினால் தம்பியைக் காணோம்.

"ஓடிப் போயித் தேடுனேன் பாய். அங்க ஒண்ணுமே இல்ல. இன்னை வரைக்கும் ஆத்தாகிட்டச் சொல்லல. தெனம் அது சோத்த மூடி வைக்கிறப்ப, நாந்தான் கொன்னுட்டேன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். சொல்ல முடியல."

லாத்தா நாற்காலியிலிருந்து நடந்து வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எனக்குத் தவசியைவிட அவரை நினைத்துத்தான் பயம். இடித்துவிட்டுக் கிளம்பிப் போன ஒருவன் அவர் வாசலிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறான். சுல்தான் பாய் மவுத்தான பிறகு அன்றைக்கு எதிரே வந்தவனுக்கு என்ன நடக்க வேண்டும் என்று அவர் என்னென்ன துஆ கேட்டிருப்பாரோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

லாத்தா தவசியின் பக்கம் குனிந்தார்.

"நீங்க எறங்கிப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தேன் லாத்தா."

"அவன் அதுகூடப் பாக்கல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "காதரு, காலைல அந்த எடது லைட்டைக் கழட்டு. அது ஏன் திரும்பியிருக்குன்னு பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தவசி அன்றைக்கு ஊருக்குப் போகவில்லை. ஷெட்டிலேயே பெஞ்சில் கிடந்தார்.

காலையில் கழற்றினேன். ஹெட்லைட் உட்காருகிற தகரக் கிண்ணத்தை நாங்கள் டூம் என்போம். வலது டூமில் துருவைத் தவிர குறை ஒன்றுமில்லை. இடதில் கண்ணாடி உடையவில்லை, ஆனால் வலது ஓரம் பலமாக இடி வாங்கி உள்ளே மடங்கியிருந்தது. அதனால்தான் அந்த விளக்கு வலது பக்கம் திரும்பிவிட்டது. தவசி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வளையத்தை நெம்பி எடுத்தேன். மடிப்புக்குள் காய்ந்த சேறு. அதில் முடி.

அவர் எழுந்து கூரைத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

நான் குறட்டால் ஒரு முடியை இழுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முடியா அது, கம்பி. கறுப்பாக, விறைப்பாக, நுனியில் இரண்டாகப் பிளந்து. சின்ன வயதில் நாங்கள் குடியிருந்தது நகைப் பட்டறைகள் இருக்கிற சந்து. ஆசாரிகள் நகை தேய்க்கிற பிரஷ்ஷில் இந்த முடியைத்தான் தினமும் பார்ப்பேன். என்ன முடி என்று புரிந்ததும், "தவ்பா தவ்பா" என்று குறட்டோடு கீழே போட்டுவிட்டேன்.

"தவசி, இது பன்னி முடிய்யா! காட்டுப்பன்னி! நீங்க மோதுனது பன்னி!"

அவருக்கு ஏறவில்லை. நான் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துக் காட்டினேன். விரலால் தொட்டார். நுனியைத் தொட்டார். பிறகு தரையிலேயே படுத்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. ஆரோக்கியம் பெயின்ட் கன்னைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். நான் ஏழு தடவை சோப்பு போட்டுக் கையைக் கழுவினேன். செந்தில் அதற்கும் கிண்டல் பண்ணினான். அன்றைக்கு அவனைத் திட்டக்கூட மனசு வரவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அன்றைக்குப் பார்த்த வேலையை என் ஆயுசில் பார்த்த நல்ல வேலைகளில் ஒன்று என்று சொல்வேன். பழைய ஜீப்பில் விளக்குக்குப் போகிற கரண்ட் முழுக்க டாஷ்போர்டு சுவிட்சு வழியாகத்தான் சுற்றி வரும். பாதி அந்த மெல்லிய வயரிலேயே சூடாகிச் செத்துப்போகும். புது விளக்கை மட்டும் மாட்டினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பேட்டரியிலிருந்து தடித்த வயரை நேராக இழுத்து, நடுவே ரிலே வைத்து, சுவிட்சுக்குக் கட்டளை போடுகிற வேலையை மட்டும் விட்டேன். எர்த் பிடிக்கிற இடத்தில் துருவைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் போல்ட்டை ஏற்றினேன். இரண்டு டூமும் புதுசு. விளக்கு எல்.இ.டி.தான், ஆனால் டிம்மில் மேல்பக்கம் கத்தியால் நறுக்கினாற்போல வெளிச்சம் நின்றுவிடும் வகை. அப்படி இருந்தால் எதிரே வருகிறவன் கண் வரைக்கும் ஏறாது, இடது ஓரம் மட்டும் நன்றாகத் தெரியும்.

மக்ரிப் முடிந்து லாத்தா உட்கார்ந்தார். டிம், பிரைட், டிம். கையைத் தூக்கவே இல்லை. மனையின் கோடிச் சுவரில் இருக்கிற விரிசல்கூடத் தெரிந்தது. தவசி நாற்காலிக்குப் பக்கத்தில் கூர்ந்து பார்த்தார்.

"யாரும் இல்ல பாய்" என்று சிரித்தார்.

ரோட்டில் எப்படி விழுகிறது என்று பார்க்க நானும் கூடவே போனேன். எழுமலை தாண்டி கண்மாய்க்கரையில் ஏறினோம். வளைவு வந்தது. எல்லாம் தெரிந்தது. கரை, கருவேலம், யாரோ போட்ட பிளாஸ்டிக் பை, வண்டித் தடம், ஒவ்வொரு கல்லும். இவ்வளவு வெறுமையான இடத்தை நான் பார்த்ததே இல்லை. இருட்டாக இருந்தால்கூட ஒன்று இருக்கும் என்று தோன்றும். அந்த வெளிச்சத்தில் ஒன்றுமே இல்லை என்பது அடித்துச் சொன்ன மாதிரி இருந்தது. தவசி வண்டியை நிறுத்தினார். சிரிப்பு நின்றுவிட்டது. இறங்கி வெளிச்சத்துக்குள் நடந்து போனார். "முத்து" என்று ஒரு தரம் கூப்பிட்டார். கண்மாய்த் தண்ணீரில் தவளைச் சத்தம் சட்டென்று நின்றது. அவர் திரும்பி வரும் வரை அது மறுபடி கேட்கவே இல்லை.

கொஞ்ச நாளில் தவசி திரும்பி வந்தார். பாதி உடம்பு ஆகிவிட்டிருந்தது.

"லைட்டுல ஏதும் குறையா?" என்றேன்.

"குறை ஒண்ணும் இல்ல பாய். பழைய லைட்ட மாட்டிருங்க."

"என்னய்யா பேசுறீங்க? பைத்தியமா?"

"அவன் வர்றதில்ல பாய்." சட்டையால் மூஞ்சியைத் துடைத்தார். "அந்த வெளிச்சத்துல தெனம் விடியக்காலம் அவனைப் பாத்துட்டாவது போவேன். நான் கொன்னவன்னாலும் அவனைப் பாத்தேன். இப்ப நான் கொல்லலைன்னு ஆயிருச்சு. அப்ப அவன் எங்க பாய்? ஆத்தா கேட்டா என்ன சொல்றது? அந்தப் பன்னிய வேற என்னைக்காச்சும்கூட இடிச்சிருக்கலாம்ல? சொல்லுங்க பாய், இடிச்சிருக்கலாம்ல?"

 ஒரு மனுஷன், தம்பியைக் கொன்றது தான்தான் என்று ஒத்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கெஞ்சுகிறான். 

லாத்தா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "ரோட்டுல புது லைட்டுதான் ஓடும். அதுல பேச்சே கெடையாது" என்றார். தவசி தலையைக் குனிந்துகொண்டார். "பழசு இங்க இருக்கும். பாக்கணும்னு தோணுனா இங்க வாங்க" என்றார் லாத்தா.

பழைய விளக்குகளை நான் பழைய இரும்போடு போட்டு வைத்திருந்தேன். எடுத்து வந்தேன். லாத்தா சொன்னபடி இடது டூமை நன்றாகத் தேய்த்துக் கழுவி, மடிந்த தகரத்தைத் தட்டி நிமிர்த்தச் சுத்தியலை எடுத்தேன்.

"நிமித்தாத காதரு. கோணையாவே இருக்கட்டும்."

மக்ரிப் முடிந்தது. தவசியின் ஜீப் பம்பர் மேலேயே பழைய விளக்கு இரண்டையும் கட்டி, தனி பேட்டரியிலிருந்து கிளிப் போட்டேன். மஞ்சள் கசிந்து மனைக்குள் போனது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டி, காலியாகக் கிடந்த நாற்காலிக்குப் பக்கத்தில் கலங்கலாக விழுந்தன. தவசி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். முகம் மெதுவாக இளகியது. உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

லாத்தா வழக்கம்போல நாற்காலிக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஜீப்பைச் சுற்றி வந்து, தவசிக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் அவர் வண்டிப் பக்கத்திலிருந்து அந்த மனையைப் பார்த்து நான் கண்டதில்லை. முக்காட்டைச் சரி செய்துகொண்டு நேரே பார்த்தார். சுல்தான் பாய் திரும்பி வர நேரமானால் வாசலைப் பார்ப்பாரே, அதே பார்வை.

ஏதாவது வேண்டுமா என்று கேட்கலாம் என்று நான் வண்டிக்கு முன்னால் வந்தேன்.

"காதரு, குறுக்க நிக்காத" என்றார் லாத்தா. "மறைக்குது."

நான் தள்ளி நின்றேன்.